சொம்பைக்கூடத் தூக்கக் கூடாதா?

கேள்வி: எனக்கு 48 வயது. வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். போன வருடம் வலது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளை) எடுத்தார்கள். எட்டு கீமோ, மூன்று வாரம் ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை மட்டும்தான்.

வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை, தலை பின்ன முடியவில்லை. மத்தியானம் வரை தைத்தால் சாயங்காலம் கை கனக்கிறது, வளையல் இறுகுகிறது. காலையில் சரியாகிவிடுகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது "அந்தக் கையில வெயிட் தூக்காதீங்க" என்றார்கள். அதிலிருந்து என் அக்கா என்னைச் சொம்பைக்கூடத் தூக்க விடுவதில்லை. பக்கத்து ஊரில் எண்ணெய் போட்டு உருவிவிடும் ஒருவரிடம் போகலாம் என்கிறார். என் கணவரோ, கையை அசைத்து ரத்த ஓட்டம் கூடினால் நோய் பரவிவிடும் என்று பயப்படுகிறார். எந்நேரமும் அசதி. காலையில் எழுந்தால் முட்டியும் விரல்களும் பிடித்துக்கொள்கின்றன. இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது: இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. இதுவும் அந்த நோயால்தானா? நான் பழையபடி தைக்க முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தைக்க முடியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு உங்கள் கைக்கு இப்போது தேவைப்படுவது ஓய்வு இல்லை. ஒன்பது மாதம், பத்து மாதம் என்று ஓய்வு கொடுத்ததால்தான் பாதிப் பிரச்சினையே வந்திருக்கிறது. உங்கள் அக்கா அன்பால் செய்கிறார், குறை சொல்லவில்லை. பிசியோதெரபிக்கு என்னிடம் வருகிற பெண்களில் பலர் இப்படித்தான், வீட்டார் தாங்கித் தாங்கியே இறுகிப்போன தோளோடு வருகிறார்கள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ரேடியேஷன் கொடுத்தபோது எப்படிப் படுத்திருந்தீர்கள்? மார்புக்குக் கதிர் கொடுக்கும்போது பெரும்பாலும் கையைத் தலைக்கு மேலே மடக்கி, ஒரு தாங்கியில் வைத்துத்தான் படுக்க வைப்பார்கள். அப்படிப் படுத்திருந்தீர்கள் என்றால், அன்றைக்கு உங்கள் கை மேலே ஏறியிருக்கிறது. இப்போது ஏறவில்லை என்றால், இறுக்கம் அதற்குப் பிறகு வந்தது. கதிர் பட்ட இடத்தில் தோலும் அதன் அடியில் இருக்கும் மார்புத் தசையும் சிகிச்சை முடிந்து பல மாதங்கள் வரைகூட மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும். அந்த நேரத்தில் கையைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு இருந்தால், அது மடியளவுக்கே பழகிவிடும். அதோடு, மார்பு எடுத்த பக்கத்தை மறைப்பதற்காகத் தோளை முன்னால் வளைத்து, முந்தானையை இழுத்துப் பிடித்தே நடக்கப் பழகியிருப்பீர்கள். தோள் முன்னால் விழுந்திருந்தால் கை மேலே போகாது. இப்போதே தோளை முன்னால் தள்ளிக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து தூக்குங்கள். வித்தியாசம் தெரியும்.

அக்குளில் கயிறு மாதிரி ஏதாவது இழுக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். சிலருக்கு முழங்கைவரைகூட அது ஓடும். நெறி எடுத்த பிறகு வருகிற ஒன்றுதான் அது, ஆபத்தில்லை. பொறுமையாக நீட்டி நீட்டிப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தளர்ந்துவிடும்.

சரி, வீக்கத்துக்கு வருவோம். அதில்தான் உங்கள் பயம் எல்லாம் இருக்கிறது.

கையிலிருந்து திரும்பும் நிணநீர், அதாவது திசுக்களில் சேரும் நீர், பெரும்பாலும் அக்குள் நெறிகள் வழியாகத்தான் போக வேண்டும். நெறிகளை எடுத்தபின் வழி குறுகிவிடுகிறது. மடை அடைபட்ட வயலில் தண்ணீர் நிற்பதுபோல, கையில் நீர் நிற்கிறது. அக்குள் நெறிகளை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. இதை லிம்ஃபெடிமா என்கிறோம். ரத்தத்தைத் தள்ள இதயம் இருப்பதுபோல நிணநீருக்குத் தனியாக ஒன்று இல்லை. நாளங்கள் தாமாகக் கொஞ்சம் சுருங்கி விரியும், மீதி வேலையைச் செய்வது கைத்தசைகளும் மூச்சும்தான். அசையாத கையில் அந்த உதவி போய்விடுகிறது.

அப்படியென்றால் எடை தூக்காதே என்று ஏன் சொன்னார்கள்? இந்த அறிவுரைக்கு வயது அதிகம். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1894-ல் எழுதிய முறைப்படி மார்போடு அதன் அடியில் இருந்த தசைகளையும் சேர்த்தே எடுத்தார்கள். பெரிய அறுவை, பெரிய வீக்கம். கையைப் பாதுகாக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அந்தக் காலத்துப் பழக்கமாக நிலைத்துவிட்டது. இன்று பெரும்பாலான அறுவைகளில் அந்தத் தசைகளை விட்டுவிடுகிறார்கள், எச்சரிக்கையை மட்டும் விடவில்லை. அறுவை முடிந்த முதல் சில வாரங்களுக்கு, புண் ஆறும்வரை, பாரம் தூக்கக் கூடாது என்பது சரிதான். உங்களுக்குச் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும். எதுவரைக்கும் என்று யாரும் சொல்லாமல் விட்டதுதான் வினை.

1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய் வந்த 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகு வலிக்கப் பழக்கினார். துடுப்பு போடுவது முழுக்க முழுக்கக் கை, தோள் வேலை. அந்தப் பெண்களில் யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. அதன்பிறகு 2009-ல், கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் பாதிப் பேர் ஒரு வருடம், வாரம் இரண்டு முறை எடை தூக்கினார்கள். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது தூக்காதவர்களில் 29 சதவீதம், தூக்கியவர்களில் 14 சதவீதம்தான். மறு வருடம், வீக்கம் இன்னும் வராத பெண்களிடம் செய்த ஆய்விலும் எடைப் பயிற்சியால் கெடுதல் எதுவும் தெரியவில்லை.

இதற்குக் காரணம் எளிது. பலமில்லாத கைக்குத் தண்ணீர்க் குடம் மட்டும் பாரம் இல்லை, மாவு எடுப்பதும், போர்வை பிழிவதும், உங்கள் பெரிய கத்தரிக்கோலும்கூடப் பாரம்தான். வாழ்நாள் முழுக்க எதையும் தூக்காமல் யாராலும் இருக்க முடியாது. ஒருநாள் பேரப்பிள்ளை ஓடிவந்தால் தூக்கிவிடுவீர்கள். அன்றைக்குக் கை தயாராக இல்லாவிட்டால்தான் தொந்தரவு. ஆனால் ஒன்று, அந்தப் பென்சில்வேனியா ஆய்வில் பெண்கள் முதல் நாளே பெரிய எடையை எடுக்கவில்லை. அரைக்கிலோ அளவில் தொடங்கி, முதல் 13 வாரம் பயிற்சியாளர் கண்முன்னால், கையை இறுக்கிப் பிடிக்கும், அளவெடுத்த அழுத்த உறையைப் போட்டுக்கொண்டு செய்தார்கள். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

எனவே முதல் வேலை, உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் வீக்கத்தைக் காட்டுவது. புதிதாக வருகிற எந்த வீக்கத்தையும், அது ரத்தக்கட்டாலோ வேறு காரணத்தாலோ இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் நாங்கள் தொடுவோம். சாயங்காலம் வந்து காலையில் போகிற வீக்கம் ஆரம்ப நிலை. இந்த நிலையில் பிடித்தால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம், பல வருடம் விட்டுத் தோல் தடித்த பிறகு வந்தால் கஷ்டம். அழுத்த உறையை அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். உங்களுக்கு வளையல் இறுகுகிறது என்பதால் புறங்கையும் சேர்ந்து மூடுகிற மாதிரி வேண்டியிருக்கும், கைக்கு மட்டும் உறை போட்டால் நீர் விரல் பக்கம் தள்ளப்படும். மருந்துக்கடை கிரேப் பேண்டேஜை நீங்களாகச் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

எண்ணெய் போட்டு உருவிவிடுபவரிடம் போக வேண்டாம். நிணநீரை வழிமாற்றிவிட ஒரு தடவல் முறை உண்டுதான், ஆனால் அது தோலை மட்டும் மிக லேசாக நகர்த்துவது, பார்ப்பவருக்குத் தடவுகிற மாதிரியே தெரியாது. அழுத்தி உருவினால் கதிர் பட்ட தோல் புண்ணாகும், வீக்கமும் கூடலாம்.

ஒரு விஷயத்தில் நீங்கள் என்னுடைய மற்ற நோயாளிகளைவிட முன்னால் இருக்கிறீர்கள்: கையில் டேப் இருக்கிறது, அளவெடுக்கத் தெரியும். மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே 10 சென்டிமீட்டர், மேலே 10 சென்டிமீட்டர், இந்த மூன்று இடங்களில் இரண்டு கைகளையும் அளந்து வாடிக்கையாளர் அளவு எழுதுகிற நோட்டிலேயே தேதி போட்டு எழுதுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில். வலது கை பழக்கமுள்ளவர்களுக்கு அது இயல்பாகவே கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒரே இடத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், அல்லது வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், காட்டுங்கள்.

பயிற்சியைத் தோளிலிருந்து தொடங்கலாம். மல்லாந்து படுத்து, ஒரு குடைக் கம்பையோ ஒட்டடைக் கம்பையோ இரண்டு கையாலும் பிடித்து, இடது கை உதவியோடு தலைக்கு மேலே கொண்டுபோங்கள். இழுக்கிற இடத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று மூச்சு விட்டு, இறக்குங்கள். பத்து முறை. அப்படியே படுத்தபடி இரண்டு கைகளையும் பிடரிக்குப் பின்னால் கோத்து, முழங்கைகளைத் தரையை நோக்கி விரியுங்கள். தலை பின்ன வேண்டிய அசைவு இதுதான். பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே சுவரில் ஏறி, எட்டிய இடத்தில் தையல் சாக்பீஸால் கோடு போடுங்கள். அடுத்த வாரம் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலையும் மாலையும் செய்யுங்கள். இழுக்கும், இழுக்கத்தான் வேண்டும். கத்திக் குத்து மாதிரி வலித்தாலோ, முடித்து நெடுநேரம் ஆகியும் வலி அடங்காவிட்டாலோ, அடுத்த முறை கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள். கதிர் பட்ட தசை இறுகிக்கொண்டே வரும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் கை முழுதாக ஏறிய பிறகும் இதை நிறுத்த வேண்டாம். ஒரு வருடத்துக்காவது தொடருங்கள்.

எடைக்கு, தண்ணீர் பாட்டில் போதும். அரை லிட்டர் என்றால் அரைக்கிலோ, ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, தராசே வேண்டாம். மருத்துவர் பார்த்த பிறகு, உறை போட்டுக்கொண்டு, முழங்கையை மடக்கி நீட்டுவது, பக்கவாட்டில் தூக்குவது, பின்னால் இழுப்பது என்று ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக, வாரம் இரண்டு நாள். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும். நாலைந்து முறை செய்தும் டேப் அளவு மாறவில்லை, கனம் கூடவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். பத்து நாள் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் இரண்டு படி இறங்கித் தொடங்குங்கள். சொம்பை இன்றைக்கே தூக்கலாம், அக்காவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். நிறைகுடம் 15 கிலோ பக்கம் வரும், அதற்கு மாதங்கள் ஆகும்.

நீங்கள் ஊசியோடு புழங்குபவர் என்பதால் ஒரு எச்சரிக்கை. அந்தக் கையில் சின்னக் காயம்கூடச் சீழ்ப்பிடித்தால் வீக்கத்தை வேகமாகக் கூட்டிவிடலாம். ஊசி குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இஸ்திரிப் பெட்டியில் சூடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். ரத்த அழுத்தம் பார்ப்பது, ரத்தம் எடுப்பது எல்லாம் இடது கையிலேயே நடக்கட்டும். ஆனால் அவசரத்தில் யாராவது வலது கையில் எடுத்துவிட்டால் தூக்கம் கெட வேண்டாம். 2016-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, அதனால் வீக்கம் வந்ததாகக் காணவில்லை. அந்த ஆய்வில் வீக்கத்தோடு சேர்ந்து வந்தவை நெறிகளை முழுதாக எடுத்த அறுவை, நெறிகள் இருக்கும் பகுதிக்குக் கொடுத்த கதிர், தோலில் கிருமித்தொற்று, கூடுதல் உடல் எடை நான்கும்தான். அப்புறம், ரவிக்கைக் கை. சதையில் கோடு விழுகிற மாதிரி இருந்தால் அதைப் பிரித்துத் தளர்த்துங்கள். அதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உங்கள் கணவருக்கு: ரத்த ஓட்டம் கூடுவதால் புற்றுநோய் பரவுவதில்லை. நாம் சும்மா படுத்திருக்கும்போதும் ரத்தம் உடல் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2025 ஜூனில் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில் பாதிப் பேரை மூன்று வருடம் முறைப்படி உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். எட்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களில் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், செய்யாதவர்களில் 83 சதவீதம். இது குடல் புற்றுநோய். மார்பகப் புற்றுநோய்க்கு இதே அளவு உறுதியோடு சொல்ல மாட்டேன். ஆனால் உடற்பயிற்சி நோயைக் கிளப்பிவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அவரையும் கூட நடக்கக் கூப்பிடுங்கள்.

அசதிக்கும் நடைதான் மருந்து என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். கீமோவுக்குப் பிறகு வருகிற இந்த அசதி தூங்கினால் தீராது, மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் அப்படியே இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய வல்லுநர் குழு 2019-ல் வெளியிட்ட பரிந்துரை: வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். குறைந்தது 12 வாரம். முதலில் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். வீட்டுவேலையே உடற்பயிற்சிதானே என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். அது உடம்பை ஓய்ச்சலாக்கும், மூச்சு வாங்க வைக்காது. இதற்கிடையில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். சில கீமோ மருந்துகள் இதயத்தைத் தொடும் என்பதால், நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ, நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முட்டியும் விரல்களும் பிடிப்பது பெரும்பாலும் லெட்ரோசோலின் வேலை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பலர் செய்கிற காரியம் அது. இந்த வகை மாத்திரையால் மூட்டு வலி வந்த 121 பெண்களிடம் செய்த ஒரு சோதனையில், வாரம் 150 நிமிட நடையும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் ஒரு வருடத்தில் வலியை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தன. மாத்திரை எலும்பையும் மெலியச் செய்யும், அதனால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாகச் செய்யலாம். ஆனால் ஒரே இடத்தில், இரவில் எழுப்பிவிடுகிற எலும்பு வலி வந்தால் அது மாத்திரை வலி என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது.

கடைசியாக, எழுதக் கூச்சப்பட்ட விஷயம். இருமினால், தும்மினால் கசிவது நோய் பரவியதற்கான அடையாளம் இல்லை. சிகிச்சையில் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், உடம்பு பலமிழந்ததும், முன்பு பிள்ளை பெற்றதும் எல்லாம் சேர்ந்து, சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத் தளத் தசையைத் தளர்த்தியிருக்கும். இதற்கும் பயிற்சிதான் முதல் மருத்துவம். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளுக்குள் இறுக்கி மேலே இழுங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். எட்டு முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். வயிற்றையோ தொடையையோ இறுக்கினால் தவறான தசை. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழகாதீர்கள். தும்மல் வருகிறது என்று தெரிந்தவுடன் இறுக்கிக்கொண்டு தும்முங்கள், இந்த ஒரு பழக்கமே கசிவைக் கணிசமாகக் குறைக்கும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்க வேண்டாம். எரிச்சலோ ரத்தமோ இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். வறட்சிக்கென்று ஹார்மோன் கிரீம் யாராவது தந்தால், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

இதெல்லாம் தனியாக முடியுமா என்று தோன்றலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வரும் ஏற்பாடும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். போகும்போது அறுவை ரிப்போர்ட்டையும், அளவு எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள்.

தையலைப் பொறுத்தவரை, வீக்கத்தை மருத்துவர் பார்த்தவுடன் ஆரம்பிக்கலாம். ஒரேயடியாக மத்தியானம் வரை உட்காராமல், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கையை முடிந்த அளவு உயர்த்தி, விரல்களைப் பதினைந்து முறை மூடித் திறங்கள். கனமான துணி வெட்டுவதையும் இஸ்திரி போடுவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். தீபாவளி, பொங்கல் சமயத்து ஆர்டர்களை மட்டும் இந்த வருடம் பாதியாகக் குறைத்து வாங்குங்கள்.